பிள்ளையை முதலில் எழுது, சொத்தைப் பிறகு

குடும்ப டிரஸ்ட் எழுத வேண்டும் என்று மதுரையில் எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பலரும் நடுத்தரக் குடும்பத்தினர். ஒரு வீடு, அதன் மாடியிலிருந்து வரும் வாடகை, ஓய்வுபெற்றபோது கைக்கு வந்த பணம், வங்கியில் கொஞ்சம் வைப்புத்தொகை. இவ்வளவுதான் சொத்து. வீட்டில் ஆட்டிசமோ அறிவுசார் குறைபாடோ உள்ள மகனோ மகளோ இருப்பார்கள். “எங்க காலத்துக்கு அப்புறம் இவனை யாரு சார் பாத்துக்குவா?” என்று கேட்டுக்கொண்டேதான் உட்காருவார்கள். அந்தக் கேள்விக்குப் பத்திரத்தில் பதில் எழுதும் வேலையைத்தான் என் சீனியரிடம் ஜூனியராக இருந்து பழகினேன்.

மூலப் பத்திரத்தைக் கையில் வாங்குவதற்கு முன்பே சீனியர் என்னிடம் ஒரு நோட்டைக் கொடுப்பார். “ஏம்மா, சொத்து விவரம் எங்கயும் ஓடிப்போகாது. மொதல்ல பிள்ளையைப் பத்தி எழுது” என்பார். காலையில் எத்தனை மணிக்கு எழுவான், என்ன மாத்திரை, எந்த மருத்துவர், பகல்நேர மையத்துக்குப் போகிறானா, துணைக்கு வரும் ஆளுக்கு என்ன சம்பளம், எதைக் கண்டால் பயப்படுவான், யார் ஊட்டினால் சாப்பிடுவான். தாய் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வேன். மாதச் செலவு எவ்வளவு என்பது அதிலிருந்தே தெரிந்துவிடும். டிரஸ்டின் நோக்கம் என்ற பகுதியில் என்னென்ன செலவுகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும் என்பதும் தெரியும். பத்திரத்தில் ஏற்ற முடியாத பழக்கவழக்கங்களைப் பெற்றோர் தனிக் கடிதமாக எழுதி டிரஸ்டியிடம் கொடுத்துவைக்கச் சொல்வோம்.

சொத்தை நேராகப் பிள்ளை பெயருக்கே தான செட்டில்மெண்ட் செய்துவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். அப்படிச் செய்தால் வாடகை ஒப்பந்தத்தில் அவனால் கையெழுத்திட முடியாது. காசோலையும் எழுத முடியாது. நல்ல மனம் படைத்த அண்ணன் பெயருக்கு மாற்றிவிட்டால் அது சட்டப்படி அண்ணன் சொத்தாகிவிடும். அவருக்குக் கடன் வந்தால் கடன்காரர் கைவைக்கலாம், அவர் காலமானால் அவருடைய வாரிசுகளுக்குப் போகும். உயில் எழுதினாலோ, எழுதியவர் இறந்த பிறகுதான் அது நடைமுறைக்கு வரும். தந்தை பக்கவாதத்தில் படுத்துவிட்டால் உதவாது. 1882ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்ட் சட்டம் இதற்கு வழி சொல்கிறது: சொத்து டிரஸ்டியின் பெயரில் இருக்கும், பயன் முழுவதும் பயனாளிக்குப் போய்ச் சேரும். எழுதிவைக்கும் தந்தையே முதல் டிரஸ்டியாகவும் இருக்கலாம்.

எண்ணம், நோக்கம், பயனாளி, சொத்து, எழுதுகிறவரே டிரஸ்டியாக இல்லாதபோது ஒப்படைப்பு ஆகிய ஐந்தையும் அச்சட்டத்தின் 6ஆம் பிரிவு கேட்கிறது. எந்த வரைவை எழுதினாலும் சீனியர் இந்த ஐந்தையும் விரல்விட்டு எண்ணச் சொல்வார். வீடோ நிலமோ இருந்தால் டிரஸ்டை எழுத்தில் எழுதிக் கையெழுத்திட்டுச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும்.

அடுத்த பாடம், காகிதம் படிப்பது. மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா மூன்றிலும் பெயரும் சர்வே எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று வரிவரியாகப் பார்ப்பேன். வீடு சுயசம்பாத்தியமா பூர்வீகமா என்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும். இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் சம பங்கு உண்டு. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில், தமிழ்நாட்டில் அப்போது திருமணமாகாதிருந்த மகள்களுக்கு 1989ஆம் ஆண்டின் திருத்தமும், நாடு முழுவதும் 2005ஆம் ஆண்டின் திருத்தமும் அந்த உரிமையைத் தந்தன. தனக்குச் சொந்தமான பங்கை மட்டுமே ஒருவர் டிரஸ்டில் வைக்க முடியும்.

இந்தத் தொழிலில் மிகக் கடினமான பகுதி டிரஸ்டி பற்றிய ஷரத்துகள். பொறுப்பை ஏற்றுக்கொண்ட டிரஸ்டி நினைத்தபோது உதறிவிட்டுப் போக முடியாது. டிரஸ்ட் சொத்தை வைத்துச் சொந்த லாபம் பார்க்கக் கூடாது. பத்திரம் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், பல டிரஸ்டிகள் இருக்கையில் எல்லாரும் சேர்ந்தேதான் செயல்பட வேண்டும். ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் அவருடைய ஒரு கையெழுத்துக்காக மருத்துவமனைச் செலவு காத்திருக்கும். அதனால் அன்றாடச் செலவுக்கு ஒருவர் போதும், சொத்தை விற்க எல்லாரும் வேண்டும் என்று பிரித்து எழுதக் கற்றேன். டிரஸ்டியாக உள்ள அத்தையோ சித்தப்பாவோ இல்லாமற்போனால் அடுத்து யார், அவருக்கும் அடுத்து யார் என்ற வரிசையும் வேண்டும். டிரஸ்டிக்குச் சட்டப்படி சம்பள உரிமை இல்லை. கொடுக்க நினைத்தால் பத்திரத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

பிள்ளையின் காலத்துக்குப் பிறகு மிஞ்சும் சொத்து யாருக்கு என்ற ஷரத்தில் சீனியர் மிகக் கண்டிப்பாக இருப்பார். “மிச்சத்தை வாங்கப்போறவர் ஒருத்தர் கையில மட்டும் செலவுச் சாவியைக் கொடுக்காதே” என்பார். மருந்துக்குச் செலவழிக்காமல் விட்ட ஒவ்வொரு ரூபாயும் தனக்கே வந்து சேரும் என்ற நிலையில் ஒரு மனிதரைத் தனியாக உட்காரவைப்பது அவருக்கும் நல்லதில்லை, பிள்ளைக்கும் நல்லதில்லை. உறவினர் ஒருவரோடு வெளியாள் ஒருவரையும் டிரஸ்டியாகச் சேர்த்து, ஆண்டுக்கொருமுறை கணக்குத் தணிக்கையையும் கட்டாயமாக்குவோம்.

பெற்றோர் பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. பிள்ளைக்கு 18 வயது நிறைந்ததும் சட்டம் அவனைப் பெரியவனாகவே பார்க்கிறது. பெற்றோர் தாமாகப் பாதுகாவலர் ஆவதில்லை. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கென 1999இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்நிலைக் குழுவிடம் விண்ணப்பித்துச் சட்டப்பூர்வப் பாதுகாவலரை நியமிக்கச் செய்யலாம். பாதுகாவலர் வேறொருவர், டிரஸ்டி வேறொருவர் என்று இருப்பது நல்லது. ஒருவர் தேவையைச் சொல்வார், மற்றவர் பணத்தைத் தந்து கணக்குக் கேட்பார்.

தொழிலில் கடன் முற்றிய பிறகு வீட்டைக் காப்பாற்ற டிரஸ்ட் கேட்டு வருகிறவர்களைச் சீனியர் திருப்பி அனுப்பிவிடுவார். கடன்காரரை ஏமாற்றும் நோக்கில் செய்த மாற்றத்தைச் சொத்து மாற்றச் சட்டத்தின் 53ஆம் பிரிவின் கீழ் ரத்து செய்யக் கோரலாம். டிரஸ்டை ரத்து செய்யும் உரிமையைத் தந்தை தன் கையிலேயே வைத்துக்கொண்டால் அதன் வருமானத்துக்கு அவர்தான் வரி கட்ட வேண்டும். முத்திரைத்தாள் செலவையும் வரியையும் ஆடிட்டரிடம் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே பத்திரம் பதிவுக்குப் போகும்.

இந்த வேலையில் பழகிய பிறகு பெற்றோர்களிடம் நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்று உண்டு. உடம்பில் தெம்பு இருக்கும்போதே டிரஸ்டைப் பதிந்து, பான் எண் வாங்கி, தனி வங்கிக் கணக்குத் தொடங்கிவிடுங்கள். பின்னால் பொறுப்பேற்கப்போகிறவரை இப்போதே உடன் டிரஸ்டியாகச் சேர்த்து, வாடகை வாங்குவதிலிருந்து மருந்துச் சீட்டைப் படிப்பது வரை உங்கள் கண்முன்னே செய்யவிடுங்கள். பிள்ளையும் அந்த முகத்துக்குப் பழகிக்கொள்வான். பதிவான பத்திரம் டிரஸ்டிக்கு அதிகாரத்தைத் தரும். அதைப் பிள்ளையின் நலத்துக்குப் பயன்படுத்தும் விதத்தைப் பெற்றோர்தாம் பக்கத்தில் இருந்து சொல்லித்தர வேண்டும்.