பதினான்கு டப்பாக்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ராசிபுரம் உழவர் சந்தையில் ஒரு சமையல்கார அக்காவைச் சந்தித்தேன். அதற்குள் அவருடைய இரண்டு கட்டைப்பைகளும் நிரம்பியிருந்தன. சின்ன வெங்காயம், தக்காளி, முருங்கைக்காய், சுரைக்காய், கீரைக்கட்டு, மல்லித்தழை எல்லாம் இருந்தன. உருளைக்கிழங்கு மட்டும் இல்லை. ஏன் என்று கேட்டேன்.

“ஐஸ் பெட்டிக்கு அது ஆகாதுங்க தம்பி. கொழம்புல போட்டு ஒறைய வெச்சு எடுத்தா தண்ணி கோத்துக்கிட்டு மணல் மாதிரி ஆயிரும். பெரியவங்க ஒரு வாய் வெச்சுட்டு அப்படியே தள்ளி வெச்சிருவாங்க.”

அக்கா பல வருடம் கல்யாணச் சமையலில் இருந்தவர். ஐந்நூறு பேருக்கு ஒரே அண்டாவில் சாம்பார் வைத்த கை. இப்போது அவர் ஒரு நாளில் சமைப்பது ஒரே ஒருவருக்கு. தனியாக இருக்கும் பெரியவர்களின் வீடுகள் ஐந்தை வைத்திருக்கிறார். வாரத்துக்கு ஒருநாள் ஒரு வீட்டுக்குப் போய், ஏழு நாளைக்கு வேண்டிய பருப்பு, குழம்பு, கூட்டு, பலகாரம் எல்லாம் சமைத்து, ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்று ஃபிரீசரில் அடுக்கிவிட்டு வருகிறார். பகலுக்கு ஏழு, இரவுக்கு ஏழு, ஆகப் பதினான்கு டப்பா. வெள்ளைச் சோறு மட்டும் அந்தந்த நாள் சின்னக் குக்கரில் அவர்களே வைத்துக்கொள்வார்கள்.

அவரோடு நானும் ஏற, ஆத்தூர் சாலையில் பேருந்து போனது. இடப்பக்கம் போதமலை, வலப்பக்கம் கொல்லிமலை, நடுவில் மரவள்ளியும் மஞ்சளும் விளையும் சமவெளி. இந்தப் பக்கத்து ஊர்களில் பிள்ளைகள் வெளியூர் போவது புதிதல்ல. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஆழ்துளைக் கிணறு போட வட இந்தியா வரை போகின்றன. நாமக்கல், சங்ககிரி லாரிகள் ஓடாத மாநிலம் இல்லை. முன்பு அப்பன் வண்டியில் போனாலும் வீட்டில் மருமகளும் பேரப்பிள்ளைகளும் இருந்தார்கள். இன்று படித்த பிள்ளைகள் பெங்களூரிலும் சென்னையிலும் குடும்பத்தோடு தங்கிவிட, பெரிய வீட்டில் ஓர் ஆள் மிஞ்சுகிறார். 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 சதவீதம். அதற்குப் பிறகு அந்த விகிதம் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.

நாங்கள் போன வீட்டில் இருந்தவர் எழுபத்தெட்டு வயது அம்மா. மகன் ரிக் தொழிலில் வடக்கே இருக்கிறார், மகள் பெங்களூரில். முழங்கால் வலியைத் தவிர அவருக்குப் பெரிய நோய் எதுவும் இல்லை. அடுப்படியில் நிற்க முடியும், சமைக்கவும் தெரியும். பிறகு ஏன் சமைப்பதில்லை?

“ஒருத்திக்குன்னு என்னத்த ஆக்கறது கண்ணு?” என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில்தான் முழுச் சிக்கலும் இருக்கிறது. ஐம்பது வருடம் வீட்டுக்கே ஆக்கிப் போட்டவருக்குத் தனக்கு மட்டும் அடுப்பு பற்றவைக்க மனம் வருவதில்லை. காலையில் டீயும் பன்னும், மதியம் பழைய சோறும் ஊறுகாயும், இரவு பால். இப்படி இரண்டு வருடம் ஓட்டியிருக்கிறார். தலைசுற்றி விழுந்த பிறகுதான் மகள் இந்த அக்காவைத் தேடிப் பிடித்தார்.

அக்கா உள்ளே போனதும் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. நேராக ஃபிரிட்ஜைத் திறந்து எண்ணினார். போன வாரம் வைத்ததில் மூன்று டப்பா மிச்சம். மூன்றின் மூடியிலும் சிவப்பு ஸ்டிக்கர். அந்த அம்மாவுக்கு எழுத்து தெரியாது, கண்ணிலும் புரை. அதனால் பருப்புக்கு மஞ்சள், கீரைக்கும் கூட்டுக்கும் பச்சை, புளிக்குழம்புக்குச் சிவப்பு என்று நிறம் வைத்திருக்கிறார் அக்கா.

“பெரீம்மா, புளிக்கொழம்பு மட்டும் ஏன் அப்படியே இருக்குது?”

“பசிக்கலடி அம்மிணி.”

“பசிக்காதவங்க பருப்ப மட்டும் எப்படித் தின்னீங்க? வாயத் தொறங்க பாக்கலாம்.”

பல்செட் உரசிய இடத்தில் ஈறு புண்ணாகியிருந்தது. புளி பட்டால் எரிகிறது. பெங்களூரிலிருந்து தினமும் போன் செய்யும் மகளிடம் அவர் இதைச் சொல்லவில்லை. டப்பாதான் சொன்னது. அந்த வாரத்துக்குப் புளி கிடையாது என்று அங்கேயே பட்டியலை மாற்றினார் அக்கா. பல் மருத்துவரிடம் கூட்டிப் போகும்படி பக்கத்து வீட்டுப் பையனிடமும் சொல்லிவைத்தார். மிச்சமிருந்த மூன்று டப்பாவும் வெளியே போயின. சாதாரண ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் ஐஸ் பெட்டியை நம்பி ஒரு வாரத்துக்கு மேல் எதையும் வைப்பதில்லை என்பது அவர் விதி. அது சரியான விதியும்கூட. உணவை மாதக்கணக்கில் காப்பாற்ற மைனஸ் 18 டிகிரி வேண்டும். அந்தச் சின்னப் பெட்டிகள் பெரும்பாலும் அந்த அளவுக்குக் குளிர்வதில்லை.

பிறகு சமையல் தொடங்கியது. அன்றைய பட்டியலைப் பார்த்தபோது எனக்கு ஒன்று விளங்கியது. கொள்ளுப் பருப்பு, பச்சைப்பயறு கடைசல், அரிசிம்பருப்புச் சோறு, கீரைக் கடைசல், சுரைக்காய்க் கூட்டு, சந்தகை, இட்லி, நாட்டுக்கோழிக் குழம்பு. எல்லாமே கொங்கு வீட்டுச் சாப்பாடு. கடைந்ததும் குழைந்ததும் ஆவியில் வெந்ததுமான இந்த உணவுகள்தான் உறைய வைத்து எடுத்தாலும் தன்மை மாறாதவை. சுரைக்காய் கொஞ்சம் கூடுதலாகக் குழையும். “பல்லு இல்லாத வாய்க்கு அதுதான தம்பி நல்லது” என்கிறார் அக்கா.

முருங்கைக்காயை வேகவைத்து, சதையைக் கரண்டியால் வழித்துப் பருப்பில் சேர்த்தார். கோழியை எலும்பிலிருந்து உதிர்த்துக் குழம்பில் போட்டார். சந்தகை, இட்லி இரண்டையும் உறைந்தபடியே இட்லிப் பானையில் வைத்தால் ஆவி ஏறி மறுபடி மென்மையாகிவிடும். உப்பு எல்லாவற்றிலும் ஒரு சிட்டிகை குறைவு. வேண்டுமென்றால் சூடுபடுத்தும்போது போட்டுக்கொள்ளலாம். கூடினால் எடுக்க முடியாது.

ஃபிரீசருக்கு ஆகாதவற்றின் பட்டியலும் அவர் விரல்நுனியில் இருக்கிறது. தயிரும் மோர்க்குழம்பும் திரிந்து தண்ணீர் பிரியும். ராகிக்களியைச் சுடச்சுடக் கிண்டித்தான் சாப்பிட வேண்டும். அவித்த முட்டையின் வெள்ளைக் கரு ரப்பர் போல ஆகிவிடும். நாட்டுக்கே முட்டை அனுப்புகிற நாமக்கல் மாவட்டத்தில் முட்டை இல்லாமல் முடியுமா? முட்டைக்குழம்பின் குழம்பை மட்டும் உறைய வைக்கிறார். சாப்பிடுகிற அன்று ஒரு முட்டையை அவித்துப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

பத்து மணிக்குச் சமையல் முடிந்தது. கடினமான வேலை அதன் பிறகுதான். கல்யாண வீட்டில் சூடு ஆறக்கூடாது என்பது பாடம். இங்கே சூடு சீக்கிரம் ஆற வேண்டும். குண்டாவில் அப்படியே விட்டால் மேலே ஆறினாலும் நடுவில் மாலை வரை வெதுவெதுப்பு இருக்கும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெதுவெதுப்பில் கிருமிகள் வேகமாகப் பெருகும். சமைத்த உணவு இரண்டு மணி நேரத்துக்குள் குளிருக்குள் போய்விட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பின் பொது விதி. சோற்றில் கூடுதல் எச்சரிக்கை தேவை. பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் வேகவைத்தாலும் சாகாமல் இருக்கும். சோற்றை வெளியே விட்டால் முளைத்து நஞ்சை உண்டாக்கும். மறுபடி சூடுபடுத்தினாலும் அந்த நஞ்சு போகாது.

இந்தக் கிருமியின் பெயர் அக்காவுக்குத் தெரியாது, வேலை தெரியும். அரிசிம்பருப்புச் சோற்றை அகலமான தாம்பாளத்தில் ஓர் அங்குல உயரத்துக்குப் பரப்பி மின்விசிறிக்கு அடியில் வைத்தார். குழம்புப் போசியைக் குளிர்ந்த தண்ணீர் நிறைந்த அகல அன்னக்கூடைக்குள் இறக்கி, கிளறிக்கொண்டே இருந்தார். முக்கால் மணி நேரத்தில் எல்லாம் ஆறிவிட்டது.

டப்பாக்கள் எவர்சில்வர். மைக்ரோவேவ் இல்லாத வீடு இது. எவர்சில்வர் என்றால் மூடியைத் தளர்த்திவிட்டுக் கொதிக்கும் தண்ணீருக்குள் அப்படியே இறக்கலாம். ஒவ்வொரு டப்பாவிலும் மேலே ஒரு விரல் இடம் விட்டார். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். இடம் இல்லாவிட்டால் மூடி பிதுங்கும். இறுக்கமான மூடி ஒன்றைக்கூட அவர் வாங்குவதில்லை. கடையில் நின்று இடது கையின் இரண்டு விரலால் திறந்து பார்த்துத்தான் எடுப்பாராம். மூட்டு வீங்கிய விரல்களால் அது திறக்கவில்லை என்றால் உள்ளே அமுதம் இருந்தும் பயனில்லை.

ஒரு டப்பா ஒரு வேளைக்குத்தான் என்பதில் கண்டிப்பாக இருக்கிறார். பெரிய டப்பாவாக இருந்தால் பாதியைச் சாப்பிட்டுவிட்டு மீதியை மறுபடி ஐஸில் வைத்துவிடுவார்கள். கெடுதல் அங்கேதான் தொடங்கும். முந்தின இரவே ஃபிரீசரிலிருந்து கீழ்த்தட்டுக்கு இறக்க வேண்டும். நடுப்பகுதியும் ஆவி பறக்கச் சூடாக வேண்டும். உருகியதை மறுபடி உறைய வைக்கக் கூடாது. இந்த மூன்றையும் ஒவ்வொரு ஞாயிறும் பாடம் போல அந்த அம்மாவைச் சொல்லச் சொல்லிக் கேட்கிறார்.

கடைசியாக ஒரு டம்ளரை எடுத்தார். அதில் தண்ணீர் உறைந்திருந்தது. மேலே ஒரு ரூபாய் நாணயம். பராமரிப்புக்காக அவ்வப்போது ஒருநாள் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்சாரம் நிற்பது இங்கே வழக்கம். அதற்கு மேலும் நீண்டு உள்ளே உருகியிருந்தால் நாணயம் அடியில் போயிருக்கும். அன்று மேலேயே இருந்தது. டப்பா அடுக்கியது போக மீந்த இடத்தில் தண்ணீர்ப் பாட்டில்களை நிரப்பினார். நிறைந்த ஃபிரீசர் காலி ஃபிரீசரைவிட நெடுநேரம் குளிரைக் காக்கும்.

அடுப்படி அலமாரியில் சுண்டை வற்றல், கொத்தவரை வற்றல், பருப்புப் பொடி, ஜவ்வரிசி வடகம் எல்லாம் ஜாடிகளில் இருந்தன. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சேலத்தில் தொடங்கிய ஜவ்வரிசித் தொழில் இந்த வீடுகளின் மொட்டைமாடிகளில் வடகமாகக் காய்ந்திருக்கிறது. வரப்போகும் நாளுக்கு உணவைப் பத்திரப்படுத்தும் கலை நம் பெண்களுக்குப் பழகியதுதான். வெயிலும் உப்பும் எண்ணெயும் செய்த வேலையில் இப்போது குளிரும் சேர்ந்திருக்கிறது.

முதியவருக்குச் சாப்பாடு போடுவது சமூகத்தின் பொறுப்பு என்பதும் புதிதல்ல. அமெரிக்காவில் வீடு தேடிச் சாப்பாடு கொண்டுபோகும் பணி 1954இல் பிலடெல்பியாவில் தொடங்கியது. தமிழ்நாட்டில் 1982இல் எம்.ஜி.ஆர். குழந்தைகளுக்காகத் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில், 1983இல் முதியோர் ஓய்வூதியம் பெறுகிறவர்களும் சேர்க்கப்பட்டார்கள். ஆனால் சத்துணவுக் கூடம் வரை நடக்க முடியாதவரும், ஓய்வூதியப் பட்டியலில் வராமல் வசதியான வீட்டுக்குள் பட்டினி கிடப்பவரும் யார் கணக்கிலும் வருவதில்லை. அந்த இடத்தைத்தான் இந்த அக்காவைப் போன்ற சிலர் நிரப்புகிறார்கள்.

அவர்கள் வேலைக்கு இன்னும் ஒரு பெயர்கூட இல்லை. “வீட்டுல ஆக்கறதுதான, அதுக்கு எதுக்கு இவ்வளவு?” என்று கூலியில் பேரம் பேசுகிறவர்கள் உண்டு என்றார் அக்கா. ஏழு மணி நேரம் அவரோடு நின்று பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இது கல்யாணச் சமையலுக்குக் குறைந்த தொழில் அல்ல. பக்குவம், சுத்தம், கணக்கு, நோயறியும் கண் நான்கும் வேண்டிய தொழில். மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு இதில் முறையான பயிற்சி கொடுத்தால், ஒரு ஊரில் இரண்டு பேருக்காவது கௌரவமான பிழைப்பு கிடைக்கும்; பத்து வீட்டு அடுப்பு மறுபடி எரியும்.

கிளம்பும்போது அந்த அம்மா எங்களை விடவில்லை. தானே அரிசி களைந்து, மூன்று பேருக்குச் சோறு வைத்தார். கொள்ளுப் பருப்பு ஊற்றி மூவரும் சேர்ந்து சாப்பிட்டோம். அன்று அவர் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டார்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. “சாப்பிட்டீங்களா?” என்று போனில் கேட்டால் எந்த அம்மாவும் “சாப்பிட்டேன்” என்றுதான் சொல்வார். சமைத்து டப்பாக்களில் வைத்துவிட்டு வாருங்கள். முடியாதென்றால் வைக்கத் தெரிந்தவரை ஏற்பாடு செய்யுங்கள். பிறகு போன் செய்யும்போது, “எத்தனை டப்பா மிச்சம் இருக்கும்மா? என்ன நிறம்?” என்று கேளுங்கள்.