ஓடைக்குத் தண்ணி வர எத்தனை நிமிஷம்?

ஹைட்ராலஜியில் 'டைம் ஆஃப் கான்சன்ட்ரேஷன்' என்றால் நம் சிவில் வகுப்பில் பலருக்கும் அது ஒரு இரண்டு மார்க் கேள்வி. மனப்பாடம் செய்தோம், எழுதினோம், மறந்தோம். நீர்ப்பிடிப்புப் பகுதியின் கடைக்கோடியில் விழுந்த மழைநீர், அது வெளியேறும் வாய்க்கு வந்து சேர ஆகும் நேரம்தான் அது. அவ்வளவு நேரமும் மழை விடாமல் பெய்தால் மேட்டுத் தண்ணியும் பள்ளத்துத் தண்ணியும் ஒன்றாகத் திரண்டு வந்து நிற்கும்.

பள்ளிக்கூடம் போகாத என் பெரியப்பாவுக்கும் இது தெரியும். ஓசூர் பக்கத்தில் எங்கள் ஊர் மேட்டில் மழை பிடித்தால், "மாட்டை அவுத்து இந்தாண்ட ஓட்டிக்கிட்டு வந்துடுடா, அரை மணியில ஓடை வந்துடும்" என்பார். இப்போது அவரே, "எங்கடா அரை மணி? கதவைச் சாத்தறதுக்குள்ள வந்துடுது" என்கிறார். கேழ்வரகுக் கொல்லை இருந்த மேட்டில் இன்று மனைகள், தார் ரோடு, ஷெட், சிமெண்ட் தளம்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அமெரிக்காவில் டென்னசி மாநிலத்துச் சிறிய நீர்ப்பிடிப்புகளை வைத்து 1940-ல் கிர்பிச் தந்த சூத்திரம் நமக்குத் தெரிந்ததே. நீளம் கூடினால் நேரம் கூடும்; சரிவு கூடினால் குறையும். 2 கி.மீ. ஓட்டம், 40 மீட்டர் இறக்கம் என்று வைத்தால் சுமார் 31 நிமிடம். பெரியப்பாவின் அதே அரை மணி! தார், கான்கிரீட் பரப்பு என்றால் விடையை 0.4-ஆல் பெருக்க வேண்டும். வருவது 12 நிமிடம்.

சீக்கிரம் வந்தால் சீக்கிரம் போய்விடும்தானே என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல். குறைந்த நேர மழைக்கு வேகம் அதிகம். 100 ஹெக்டேர் நிலம், மணிக்கு 60 மி.மீ. மழை, வழிந்தோடும் பங்கு 0.3 என்றால் வினாடிக்கு 5 கன மீட்டர். அதுவே 90 மி.மீ., 0.8 என்று ஆனால் 20 கன மீட்டர். தண்ணீர் நான்கு மடங்கு. கல்வெர்ட்டு மட்டும் அதே பழைய பைப்!

நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை, கர்நாடகத்தைக் கடந்து நம் கெலவரப்பள்ளி அணைக்கு வர மணிக்கணக்கில் ஆகும். அதற்குள் தண்டோரா போடலாம், கரையோர மக்களை எழுப்பலாம். 12 நிமிடத்தில் வரும் தெருத் தண்ணிக்கு யார் எச்சரிக்கை விடுவது?

2024 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் நம் மாவட்டத்து ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை. ஏரி நிரம்பி வழிந்ததில் ரோட்டோரம் நின்ற வண்டிகள் அடித்துச் செல்லப்பட்டன. அப்படிப்பட்ட மழைக்கு எந்தக் கல்வெர்ட்டும் போதாதுதான். ஆனால் வருஷா வருஷம் பெய்யும் சாதாரண மழைக்கே வீட்டுக்குள் தண்ணி வந்தால் அது வானத்தின் குற்றமா?

நண்பர்களே, நாளை நம்மில் பலர் லே-அவுட் வரைவோம், எஸ்டிமேட் போடுவோம். அப்போது பழைய ஃபைலில் உள்ள நேரத்தை அப்படியே காப்பி அடிக்க வேண்டாம். லெவல் கருவியோடு மேட்டில் ஏறி, தண்ணி வரும் பாதையை நடந்து பாருங்கள். இன்று கொல்லையாக இருப்பது இருபது வருஷத்தில் என்னவாகும் என்று யோசித்து அதற்கும் கணக்குப் போடுங்கள். ஏரிக்குப் போகும் வரத்துக்கால்வாயை மனையாக்கச் சொன்னால் கணக்கைக் காட்டி மறுத்துப் பேசுங்கள். அந்த ஊரில் ஒரு பெரியவரிடம், "மழை பிடிச்சா ஓடை வர எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டுவிட்டு வாருங்கள். உங்கள் கணக்கும் அவர் சொல்வதும் ஒத்துவந்தால் தைரியமாகக் கையெழுத்துப் போடலாம்.