முட்டை இல்லாத கேக்கும் எங்க ஆச்சியும்

மக்களே, இந்த தடவை செமஸ்டர் லீவுக்கு திருநெல்வேலிக்கு போனப்ப சாக்லேட் கேக் செஞ்சேன். பாதி சமையல் குறிப்பு, பாதி எங்க ஆச்சி கதை. ஓடிராதீங்க :-)

ஆச்சி சுத்த சைவம். வீட்டுல யார் பிறந்தநாள்னாலும் கேக் வெட்டுவோம். ஆச்சி நல்லா கை தட்டுவா. ஊட்டப் போனா மட்டும் "எனக்கு வேண்டாம்லே"னு முகத்தைத் திருப்பிக்குவா. கடையில முட்டையில்லாததுன்னு எழுதிப் போட்டிருந்தாலும் நம்ப மாட்டா. "அதே தட்டு, அதே கரண்டிதானலே?" இதுக்கு எங்க யார்கிட்டயும் பதில் கிடையாது. வயசு 78. கேக் என்ன ருசின்னே தெரியாது.

அப்போ ஒரே வழிதான். அவ பாத்திரத்துல, அவ கண்ணு முன்னாலயே செய்யணும். வீட்டுல ஓவன் இல்ல. பழைய குக்கர் இருக்கே!

முட்டை இல்லாம கேக் எப்படி உப்பும்னு கேப்பீங்க. அமெரிக்காவுல ஒரு காலத்துல முட்டை, பால், வெண்ணெய் எதுவும் போடாம ஒரு சாக்லேட் கேக் செஞ்சிருக்காங்க. வேக்கி கேக்னு பேரு. சமையல் சோடாவும் வினிகரும் சேர்ந்தா கார்பன் டை ஆக்ஸைடு வரும்ல, பிளஸ் டூ கெமிஸ்ட்ரி! அந்த வாயுதான் மாவைத் தூக்கி விடுது.

1½ கப் மைதா, 1 கப் பொடிச்ச சீனி, ¼ கப் இனிப்பில்லாத கோகோ பவுடர், 1 டீஸ்பூன் சமையல் சோடா, ½ டீஸ்பூன் உப்பு. எல்லாத்தையும் சலிச்சுக்கோங்க. 1 கப் வெதுவெதுப்பான காபித் தண்ணி (பால் வேண்டாம்), ⅓ கப் வாசனை இல்லாத எண்ணெய், கொஞ்சம் வெனிலா எசன்ஸ் ஊத்திக் கலக்குங்க. காபி போட்டா சாக்லேட் ருசி தூக்கலா தெரியும். வெண்ணெய் ஆறினா இறுகிடும், எண்ணெய் இறுகாது. அதான் மறுநாளும் கேக் மெத்துனு இருக்கு.

குக்கர்ல தண்ணி ஊத்தாம அரை இஞ்ச் உயரத்துக்கு கல் உப்பைப் பரப்பி, உள்ள ஒரு ஸ்டாண்ட் வச்சு, கேஸ்கட், வெயிட் ரெண்டையும் கழட்டிட்டு மூடி 10 நிமிஷம் சூடு பண்ணணும். அப்புறமாத்தான் மாவுல 1 மேஜைக்கரண்டி வினிகர். ஊத்தினதும் வாயு வர ஆரம்பிச்சிடும், நின்னு பேசிட்டு இருக்கக் கூடாது. எண்ணெய் தடவின பாத்திரத்துல ஊத்தி உடனே உள்ள வச்சிடணும். சிம்ல 40-45 நிமிஷம். ஈர்க்குச்சியை விட்டுப் பாத்தா மாவு ஒட்டக் கூடாது.

ஆச்சி நாற்காலியைப் போட்டு அடுப்பங்கரையிலயே உக்காந்துட்டா. ஒவ்வொரு டப்பாவா வாங்கி மோந்து பாத்தா. வினிகர் பாட்டிலுக்கு மட்டும் விசாரணை.

"இது என்னதுலே, இப்படி நெடி அடிக்கு?"

"காடி ஆச்சி. ஊறுகாய்ல எல்லாம் போடுவாங்க."

மேல ஊத்துறதுக்கு 100 கிராம் டார்க் சாக்லேட்டைப் பொடிசா நறுக்கி, 100 மில்லி சூடான கிரீமை அது மேல ஊத்தி, 2 நிமிஷம் விட்டுக் கலக்கினேன். பளபளன்னு வந்துச்சு. அதுலயும் முட்டை இல்லைன்னு ஆச்சி ரெண்டு தடவை கேட்டுக்கிட்டா.

கேக் ஆறினதும் ஒரு சின்னத் துண்டு வெட்டி எவர்சில்வர் தட்டுல வச்சுக் குடுத்தேன். வாயில போட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல. எனக்கு எக்ஸாம் ரிசல்ட் மாதிரி இருந்துச்சு.

"லேசா கசக்கு. ஆனா நல்லாத்தாம்லே இருக்கு. இதையாலே இத்தன வருசமா எனக்குத் தராம தின்னீக?"

அம்மா சிரிச்சுட்டாங்க. எனக்கு சிரிப்பும் வந்துச்சு, தொண்டையும் அடைச்சுது. அவளுக்குக் கேக் பிடிக்காதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு இருந்தோம். பிடிக்காம எல்லாம் இல்ல, நம்பிக்கை வரலை, அவ்வளவுதான்.

அடுத்த மாசம் அம்மா பிறந்தநாள். கேக் ஆர்டர் பண்ண வேண்டாம்னு ஆச்சி இப்பவே சொல்லிட்டா. குக்கர்ல போட்ட உப்பையும் தனி டப்பாவுல எடுத்து வச்சிருக்கா, அடுத்த கேக்குக்காம் :-)