ஞாயிறு பந்தடியும் திங்கள் வேலையும்

ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் ஸ்காபரோவில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தை வாடகைக்கு எடுத்து நாங்கள் பன்னிரண்டு பேர் கூடைப்பந்து விளையாடுகிறோம். எல்லோரும் முப்பதைத் தாண்டியவர்கள். ஊரில் எங்களுக்குப் பந்தடி என்றால் கரப்பந்தும் உதைபந்தும்தான், அதுவும் வெறுங்காலோடு மணலில். இங்கே பனிக்காலத்தில் உள்ளுக்குள் விளையாட எது இருக்கிறது என்று பார்த்துத்தான் கூடைப்பந்தைப் பிடித்தோம். அந்த விளையாட்டே அதற்காகத்தான் உண்டானது. ஒன்ராறியோவில் அல்மொண்ட் என்ற ஊருக்குப் பக்கத்தில் பிறந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டில், குளிரால் வெளியே போக முடியாத மாணவருக்காகப் பழக்கூடை இரண்டை உயரத்தில் கட்டி இதைத் தொடங்கினார். பந்தோடு ஓடக்கூடாது என்பதும் அவருடைய 13 விதிகளில் ஒன்று. அது அப்படியே இருந்திருந்தால் எங்கள் முழங்கால்கள் தப்பியிருக்கும்.

போன பனிக்காலத்தில் எங்களில் ஒருவர் பந்தைப் பிடித்தபடி சட்டென்று திரும்பினார். சப்பாத்து பலகை நிலத்தில் ஒட்டி நின்றுவிட்டது, உடம்பு மட்டும் சுழன்றது. 'டக்' என்று ஒரு சத்தம். அவர் சிரித்துக்கொண்டு எழும்பி, "ஒண்டுமில்லை" என்று இன்னும் அரை மணித்தியாலம் விளையாடினார். நாங்களும் விட்டோம். இரவு முழங்கால் தேங்காய் அளவுக்கு வீங்கிவிட்டது. போதாக்குறைக்கு நாங்கள் சுடுதண்ணீர் ஒத்தணமும் கொடுத்து, தைலம் பூசி அழுத்தி உருவியும் விட்டோம். புது வீக்கத்துக்கு ஐஸ்தான் வைக்க வேண்டும், உருவக்கூடாது என்று பிறகுதான் டொக்டர் ஏசினார்.

விடிந்தால் திங்கள். எட்டு மணித்தியாலம் நின்றபடி பெட்டி தூக்கும் வேலை. அவருடைய மனைவி சொன்ன ஒரு வார்த்தை எங்கள் எல்லோருக்கும் சுட்டது: "உங்கட முழங்காலாலைதான் இந்த வீட்டு வாடகை கட்டுறம். அதைக் கொண்டுபோய் விளையாட்டிலை முறிச்சுப்போட்டு வாறியள்."

அப்போது எங்களில் இன்னொருவர் ஒரு யோசனை சொன்னார். "அண்ணை, நாளைக்கு வேலைக்குப் போய், மெசினடியிலை வழுக்கி விழுந்தனான் எண்டு சொல்லுங்கோ. காசு வரும்." மறைப்பானேன், எங்களில் பாதிப்பேருக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. காருக்குள் இருந்து ஒரு மணித்தியாலம் வாதாடினோம். கடைசியில் அவர் மாட்டேன் என்றார். நேர்மை மட்டும் காரணமில்லை, பயமும்தான். பொய் சொல்லி அந்தக் காசு எடுப்பது சட்டப்படி குற்றம். குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு இருக்கிற மனிதர் அவர்.

உள்ளதைச் சொன்னபோதும் வழி இருந்தது. ஈ.ஐ. என்று நாங்கள் சொல்லும் வேலையற்றோர் காப்புறுதியில் நோய்க்கான பணமும் உண்டு. விளையாடி முறித்தாலும் கிடைக்கும். கடைசி 52 கிழமைகளில் 600 மணித்தியாலம் வேலை செய்திருக்க வேண்டும், டொக்டரின் கடிதம் வேண்டும். வழக்கமான சம்பளத்தில் 55 வீதம் வரும். 2022 டிசம்பரில் இருந்து 26 கிழமை வரை எடுக்கலாம். எங்களில் எத்தனையோ பேர் வருடக்கணக்காக அதற்குக் காசு கட்டியும் இது தெரியாமல் இருந்தோம். ஆனால் வெளிக் கிளினிக்கில் பிசியோதெரபி செய்ய, 20 வயது முதல் 64 வயது வரையானவர்களுக்கு ஓகிப் பொதுவாகப் பணம் கட்டாது. அவர் மூன்று முறை கைக்காசு கொடுத்துப் போய், பயிற்சிகளைப் பழகிக்கொண்டு வந்து வீட்டில் செய்கிறார். காலை நீட்டியபடி தூக்குவது, கதிரையில் இருந்து கை ஊன்றாமல் எழும்புவது, இவ்வளவுதான். தொடைத் தசை பலமாக இருந்தால்தான் முழங்காலுக்குப் பாரம் குறையுமாம்.

எம்.ஆர்.ஐ. எடுக்க மாதக்கணக்கில் காத்திருந்தார். கிழிந்திருந்தது முழங்காலுக்குள் மெத்தை மாதிரி இருக்கும் பிறை வடிவச் சவ்வு. அதன் உட்பக்கத்துக்கு இரத்த ஓட்டம் குறைவு, அதனால் அங்கே கிழிந்தால் லேசில் ஒட்டாது. இருபது வயதில் தாங்கிய திருப்பத்தை வயது போகப் போக அந்தச் சவ்வு தாங்காது. உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் ஏறும் பாரம் ஏறக்குறைய நாலு கிலோ குறையும் என்றும் சொன்னார்கள். அதைக் கேட்டு எங்களில் சிலர் வயிற்றைத் தடவிக்கொண்டோம்.

விளையாட்டை விடவில்லை. கிழமை முழுக்க மெசின் சத்தத்துக்குள் நின்றவர்களுக்கு அந்த இரண்டு மணித்தியாலம்தான் இருக்கிறது. முழு மைதானத்தை விட்டு அரை மைதானத்தில் மூன்று பேருக்கு மூன்று பேராக ஆடுகிறோம். 2021இல் ரோக்கியோ ஒலிம்பிக்கிலேயே அப்படி ஒரு போட்டி வந்துவிட்டது: பத்து நிமிடம், அல்லது முதலில் 21 புள்ளி. தொடங்க முன் கால் மணித்தியாலம் மெல்ல ஓடி, குந்தி எழும்பி, உடம்பைச் சூடாக்குகிறோம். தோல்வி வரும்போது கோபத்தில் பாயாமல் இருக்கத்தான் இன்னும் பழகவில்லை.

அவர் இன்னும் விளையாட இறங்கவில்லை. வாங்கில் இருந்து நேரம் பார்க்கிறார். யாராவது ஒற்றைக்காலில் விழுந்தால் பெரிதாகக் கத்துகிறார். மண்டப வாடகையில் அவருடைய பங்கை வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னோம். கேட்கவில்லை, ஒவ்வொரு ஞாயிறும் தந்துவிட்டுத்தான் போகிறார்.