டைரக்ட் குடுக்காதீங்க

எங்கள் லயத்தில் எந்தச் சாமான் நின்றுபோனாலும் முதலில் கேட்கிற வார்த்தை, "ஒரு டைரக்ட் குடுத்துப் பாரு." இடையில் இருக்கிறதைக் கழட்டி எறிந்துவிட்டு, வயரோடு வயரை முறுக்கி, மேலே கறுத்த டேப்பைச் சுற்றிவிட்டால் அதுதான் டைரக்ட். சல்லி செலவில்லை. சாமான் உடனே ஓடும். ரம்புக்கனைப் பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகளான நாங்கள் அதைப் பார்த்துத்தான் வளர்ந்தோம். போன மாதம் வீட்டு ரைஸ் குக்கர் நின்றபோதும் அதே யோசனைதான் வந்தது. நாங்கள் வேண்டாம் என்றோம்.

குக்கரின் அடித்தட்டைக் கழட்டினால் இரண்டு காவல் தெரியும். நடுவில் காந்தம். சட்டியில் தண்ணீர் இருக்கும்வரை சூடு ஏறக்குறைய 100 பாகை செல்சியஸில் நிற்கும். தண்ணீர் வற்றியதும் சூடு ஏறும், காந்தம் பிடியை விடும், 'டக்'கென்று சுவிட்ச் விழும். அது விழாமல் சிக்கிக்கொண்டால்? அதற்குத்தான் உறைக்குள் ஒரு சின்ன வெப்ப ஃபியூஸ். குறித்த சூட்டைத் தாண்டினால் அது உள்ளே உருகி கரண்டை வெட்டிவிடும். ஒரே தடவைதான், திரும்ப வேலை செய்யாது.

1955இல் ஜப்பானில் தோஷிபா தானியங்கி மின் குக்கரை விற்பனைக்கு விட்டது. அதை உருவாக்கிய மினாமியின் வீட்டில் சோறு வேகிற சூட்டையும் நேரத்தையும் திரும்பத் திரும்ப அளந்து பார்த்தவர் அவருடைய மனைவி ஃபுமிகோ. பக்கத்தில் ஆள் நிற்காமலே சோறு வேக வேண்டும், அதுதான் நோக்கம். எங்கள் அம்மாமாருக்கும் அதுதானே வேண்டும்? விடியுமுன் குக்கரைத் தட்டிவிட்டு பால்வெட்டப் போய்விடுவார்கள். வீட்டில் அம்மாயியும் சின்னதுகளும்தான். டைரக்ட் குடுத்த குக்கர் அவர்களோடு காவல் இல்லாமல் எரியும்.

லயத்தில் காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவே ஒரு சுவர், மேலே எல்லாருக்கும் ஒரே கூரை. ஒரு வீட்டில் பிடித்தால் வரிசையே போகும். அடுத்த நாள் செய்தியில் 'மின்னொழுக்கு' என்று ஒரு சொல் வரும், அவ்வளவுதான். பழைய வயரிங்குக்கும் இந்தக் கூரைக்கும் தோட்ட நிர்வாகமும் அரசும் பதில் சொல்லணும். அதைக் கேட்டுக்கொண்டே இருப்போம். ஃபியூஸ் மட்டும் எங்கள் கையில் இருக்கிறது.

மாற்றுவது கஷ்டமில்லை. பிளக்கைக் கழட்டி, குக்கரை ஆறவிட்டு, மீட்டர் வைத்துப் பார்த்தோம். ஃபியூஸில் தொடர்பு இல்லை. அதன் உடம்பிலேயே பாகையும் அம்பியரும் அச்சடித்திருக்கும், அதே அளவில்தான் புதியது வாங்கணும். ஈயம் வைத்து ஒட்டினால் அந்தச் சூட்டிலேயே புதியதும் போய்விடும், அதனால் இரும்புக் குறட்டால் நசுக்கி இணைக்கிற குழாய்தான் சரி. டேப் சூட்டில் இளகும், சூடு தாங்குகிற பழைய உறையையே திரும்ப இழுத்துவிட்டோம். பிறகு ஏன் போனது என்று தேடினோம். காந்தத்தின் ஓரத்தில் காய்ந்த சோற்றுப் பருக்கைகள் இறுகி, ஸ்பிரிங் அசையாமல் நின்றது. அதைச் சுரண்டி எடுத்த பிறகுதான் மூடினோம்.

பழக்கமில்லாதவர்கள் தெரிந்த பாஸிடமே கொடுங்கள். திரும்ப வாங்கும்போது மட்டும், "ஃபியூஸ் போட்டீங்களா, டைரக்ட் குடுத்தீங்களா?" என்று கேட்டுவிட்டுக் காசு கொடுங்கள்.