தேதி தெரியாதவர்களின் டிக்கெட்

விமான டிக்கெட் விற்கும் எந்தத் தளத்தைத் திறந்தாலும் மூன்று கட்டங்கள் இருக்கும். எங்கிருந்து, எங்கே, எப்போது. முதல் இரண்டுக்கும் பதில் தெரியாமல் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. சிக்கல் மூன்றாவதில்தான். அதைக் காலியாக விட்டால் பொத்தான் அழுந்தாது. ஆனால் நம்மில் நிறையப் பேருக்கு அதற்குத்தான் பதில் தெரியாது. மகள் பிரசவத்துக்குப் போகும் அம்மா, விசா வரக் காத்திருக்கும் மாப்பிள்ளை, முதலாளி லீவுக்குக் கையெழுத்துப் போடும் நாளை எதிர்பார்த்துத் தம்மாமில் உட்கார்ந்திருக்கும் என் சித்தப்பா மகன். இவர்களோடு இன்னொரு கூட்டமும் உண்டு. ஊரில் ஒருவர் கட்டிலில் கிடக்க, வெளிநாட்டில் போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குபவர்கள். அவர்களிடம் 'எப்போது' என்பது கேட்கவே கூச வேண்டிய கேள்வி.

2023ல் நான் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். வேலை சிங்கப்பூரில், வீடு வாசுதேவநல்லூரில். ஆச்சிக்கு 88 வயது. ஜூன் முதல் வாரத்தில் டாக்டர் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க என்று சொல்லிவிட்டார். எவ்வளவு நாள் என்று சித்தப்பா கேட்டதற்கு, "எப்ப வேணாலும்" என்றாராம். எங்கள் பக்கத்தில் பேரன்கள் நெய்ப்பந்தம் பிடித்துத்தான் ஆச்சி தாத்தாக்களை அனுப்பிவைப்பார்கள். நான் மூத்த பேரன். "நெய்ப்பந்தத்துக்கு நீ நிக்கணும்லா" என்று சித்தப்பா போனில் சொன்னதில் பாசம் பாதி, உத்தரவு பாதி.

வாசுதேவநல்லூரில் ரயில் நிலையமே கிடையாது. ரயிலுக்குச் சங்கரன்கோவிலோ கடையநல்லூரோ ராஜபாளையமோ போக வேண்டும். விமானத்துக்கு மூன்று திசைகள்: வடக்கே மதுரை, கிழக்கே தூத்துக்குடி வாகைக்குளம், மலையைத் தாண்டினால் திருவனந்தபுரம். எதுவும் பக்கத்தில் இல்லை, ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ நூறு கிலோமீட்டரோ அதற்கு மேலோ கார் ஓட வேண்டும். பக்கத்தில் இல்லாததில் ஒரு வசதியும் உண்டு. ஒரே விமான நிலையத்தை நம்பி இருப்பவனுக்கு ஒரு விலைதான் தெரியும். எங்களுக்கு மூன்று தெரியும். திருச்சியையும் கொச்சியையும் சேர்த்தால் ஐந்து. நான் தினமும் இரவில் ஐந்தையும் பார்ப்பேன். எந்தத் தேதிக்கு என்று தெரியாததால் நாளைக்கு, நாளன்றைக்கு, அடுத்த வாரத்துக்கு என்று மூன்று விதமாகப் பார்ப்பேன்.

பார்க்கப் பார்க்க, என்ஜினியர் புத்தி, இந்த விலை எப்படி முடிவாகிறது என்று தோண்ட ஆரம்பித்தேன். செவ்வாய்க்கிழமை வாங்கினால் மலிவு, நாம் தேடுவதை வேவு பார்த்து விலையை ஏற்றுகிறார்கள் என்றெல்லாம் அலுவலகத்தில் சொல்வார்கள். உள்ளே இருக்கும் கணக்கு அதைவிடப் பழையது, சுவாரஸ்யமானது. பிரிட்டிஷ் நிறுவனமான பிஓஏசியில் இருந்த கென் லிட்டில்வுட் 1972ல் எழுதிய விதி அது.

விமானத்தில் ஒரு சீட் மீதி. 8,000 ரூபாய் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் இப்போதே நிற்கிறார். அவருக்குக் கொடுக்காமல் வைத்திருந்தால் கடைசி நேரத்தில் 20,000 கொடுக்க யாராவது வரலாம், வராமலும் போகலாம். கொடுப்பதா, வைத்திருப்பதா? எட்டை இருபதால் வகுத்தால் 40 சதவீதம். கடைசி நேர ஆள் வர 40 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு இருந்தால் சீட்டை வைத்திரு, குறைவாக இருந்தால் இப்போதே விற்றுவிடு. அவ்வளவுதான் விதி. இதன்மேல் ஐம்பது வருடமாக அடுக்கடுக்காகக் கட்டிவிட்டார்கள், அஸ்திவாரம் இதுதான்.

இந்த விதி வேலை செய்ய, சீக்கிரம் வாங்குபவரையும் தாமதமாக வாங்குபவரையும் பிரிக்க ஒரு வேலி தேவை. 1978ல் அமெரிக்கா விமானக் கட்டணத்தின் மேலிருந்த அரசுப் பிடியை விட்டது. 1985ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ், முன்கூட்டியே வாங்க வேண்டும் என்ற நிபந்தனையோடு மிக மலிவான டிக்கெட்டுகளை இறக்கியது. சுற்றுலா போகிறவர் ஒரு மாதம் முன்பே திட்டம் போடுவார், மலிவாகப் போகட்டும். வியாபாரி நாளைக்கே போயாக வேண்டும், கம்பெனி காசு, கூடக் கொடுக்கட்டும். இங்கே 1994ல் பழைய விமானக் கழகச் சட்டம் நீக்கப்பட்டு, 2003ல் ஏர் டெக்கான் பறக்கத் தொடங்கியபோது அதே வேலி நமக்கும் வந்தது. அந்த வேலி இல்லாமல் மலிவு டிக்கெட் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் தெருவில் முதன்முதலாக விமானம் ஏறியவர்கள் எல்லாம் அந்த மலிவு டிக்கெட்டில் ஏறியவர்கள்தான்.

ஆனால் நான் டேட்டாவோடு வேலை செய்பவன். கணக்குக்குள் வரும் வரிகளைத்தான் முதலில் பார்ப்பேன். நாளைக்கே பயணம், ஒருவழி டிக்கெட், விலையைப் பார்த்துத் திரும்பிப் போகவில்லை. இந்த மூன்று குறிகளும் உள்ள ஆள் யார்? ஒப்பந்தம் போட ஓடும் அதிகாரி. அல்லது ஆச்சி செத்த பேரன். அந்த அட்டவணையில் இரண்டு பேரும் ஒரே வரி. கணக்குக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. காரணம் என்று ஒரு பத்தியே அதில் கிடையாது. அந்தச் சீட்டை இரண்டு வாரமாக யாருக்கும் கொடுக்காமல் அது காத்துக்கொண்டிருந்தது எனக்காகத்தான்.

காரணத்தைக் கேட்கும் டிக்கெட்டுகளும் இருந்திருக்கின்றன. துக்கக் கட்டணம் என்று வட அமெரிக்காவில் சில நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. அதிலும் ஒரு கதை உண்டு. 2022 நவம்பரில் பாட்டி இறந்ததும் வான்கூவரிலிருந்து டொராண்டோ போக வேண்டியிருந்த ஒருவர், ஏர் கனடா தளத்தின் சாட்பாட்டிடம் கேட்டார். முதலில் டிக்கெட் வாங்கிக்கொள், பிறகு துக்கச் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம் என்றது அது. நிறுவனத்தின் விதியோ பயணத்துக்குப் பிறகு விண்ணப்பிக்க முடியாது என்பது. சலுகை மறுக்கப்பட, விஷயம் பிரிட்டிஷ் கொலம்பியாவின் சிறு வழக்குகள் தீர்ப்பாயத்துக்குப் போனது. சாட்பாட் தன் சொல்லுக்குத் தானே பொறுப்பு என்கிற மாதிரி நிறுவனம் வாதாடிப் பார்த்தது. 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயம் அதை ஏற்காமல் பணத்தைக் கொடுக்கச் சொன்னது. எங்கள் துறையில் இதை ஏஐ வழக்காகத்தான் பேசுகிறார்கள். எனக்கு அது, பாட்டி செத்த அன்று ஒருவன் விதிகளை வாசித்துக்கொண்டிருந்த வழக்கு.

ரயில் வேறு மாதிரி. பொதிகை எக்ஸ்பிரஸில் ஸ்லீப்பர் சீட்டுக்கு மாதக்கணக்கில் முன்பே வாங்கியவரும் முந்தின நாள் வாங்கியவரும் ஒரே விலைதான் கொடுப்பார்கள், தத்கலுக்குக் கொஞ்சம் கூடும். ஆனால் சீட் இருக்காது. விமானத்தில் சீட் இருக்கும், விலை எட்டாது. ரயிலில் விலை எட்டும், சீட் இருக்காது. அதற்கும் ரயில் ஒரு வழி வைத்திருக்கிறது: அன்ரிசர்வ்டு பெட்டி. தாத்தா இறந்தபோது சென்னையில் பலசரக்குக் கடையில் நின்ற மாமாக்கள் இரண்டு பேரும் அந்தப் பெட்டியில் கழிவறைப் பக்கம் நின்றுகொண்டே வந்து, எடுப்பதற்குள் சேர்ந்துவிட்டார்கள். 'எப்போது' என்று முன்கூட்டிக் கேட்காத டிக்கெட் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

தேதி தெரியாமல் வாழ்வது எங்கள் ஊருக்குப் புதிதும் இல்லை. குற்றாலச் சீசனுக்குத் தேதி உண்டா? பருவமழை கேரளத்தைத் தொட வேண்டிய நாள் ஜூன் 1 என்பார்கள். 2023ல் அது ஜூன் 8ல் வந்தது. 2025ல் மே 24லேயே வந்துவிட்டது. வெளியூர்க்காரர்கள் ரூம் போட்டுவிட்டு வந்து காய்ந்த பாறையைப் பார்ப்பார்கள். எங்கள் ஆட்கள் யாரும் முன்கூட்டித் திட்டம் போட மாட்டார்கள். மலைப்பக்கம் கறுத்துச் சாரல் விழுந்தால் தென்காசிக்கு ஒரு போன். "தண்ணி விழுதா?" விழுது என்றால் அரை மணி நேரத்தில் துண்டோடு வண்டியில் ஏறிவிடுவார்கள். பக்கத்தில் இருப்பவனுக்குத் தேதி தேவையில்லை. தூரம் கூடக் கூடத்தான் தேதி தேவைப்படுகிறது.

நான் செய்ததைச் சொல்கிறேன். அந்த ஜூன் மாதம் தெரிந்துகொண்டவை இவை. டிக்கெட்டை ரத்துசெய்வது வேறு, தேதி மாற்றுவது வேறு. மலிவு டிக்கெட்டில் ரத்துசெய்தால் பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சாது, தேதி மாற்றம் பல நேரம் கிடைக்கும். மாற்றும்போது அபராதம் தனி, அன்றைய விலை வித்தியாசம் தனி. 'அபராதம் இல்லை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும் வித்தியாசம் உண்டு. இந்தியாவில், திருப்பித் தரமாட்டோம் என்று விற்ற டிக்கெட்டை ரத்துசெய்தாலும் வரிகளும் விமான நிலையக் கட்டணமும் நமக்குத் திரும்ப வர வேண்டும். கேட்டு வாங்க வேண்டும். வாங்கிய 24 மணி நேரத்துக்குள் அபராதமின்றி ரத்துசெய்யும் சலுகை அப்போது இருந்தது. ஆனால் பயணத்துக்கு ஏழு நாளாவது மீதி இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நாளைக்கே போக வேண்டியவனுக்கு அது இல்லை. போக வர டிக்கெட்டில் போகும் பயணத்தைத் தவறவிட்டால் வரும் பயணமும் பொதுவாக ரத்தாகிவிடும். அதனால் உறுதியில்லாத பாதி எது என்று முதலில் பார்க்க வேண்டும். மூன்று பேருக்குச் சேர்த்துத் தேடினால், மலிவு விலையில் இரண்டு சீட்தான் மீதி என்றால், மூவருக்கும் மேல் விலைதான் காட்டும். ஒவ்வொருவராகத் தேடிப் பார்க்க வேண்டும்.

எல்லாம் படித்துவிட்டு, தேதி மாற்றக்கூடிய டிக்கெட் ஒன்றை ஜூன் 17க்குத் திருவனந்தபுரத்துக்கு வாங்கினேன். மனதில் இருந்த கணக்கு: அதற்குள் ஆகிவிட்டால் முன்னால் நகர்த்துவது, ஆகாவிட்டால் பின்னால் நகர்த்துவது.

ஜூன் 15ஆம் தேதி அம்மா போன் செய்தாள். "ஆச்சி இன்னைக்கு ரெண்டு கரண்டி கஞ்சி குடிச்சாவ. நீ மாத்திக்கிடு." ஜூலை 1க்கு மாற்றினேன். அபராதமும் வித்தியாசமும் சேர்த்துக் கட்டினேன். ஜூன் கடைசியில் மறுபடி போன். "எந்திச்சு உக்காந்துட்டாவ. யாரு பெத்த பிள்ளைன்னு என்னையவே கேக்காவ." சிரித்துக்கொண்டே ஜூலை 15க்கு மாற்றினேன். அப்புறம் ஜூலை 29. ஒவ்வொரு முறையும் 'உங்கள் பயணம் மாற்றப்பட்டது' என்று மெயில் வரும். வாழ்க்கையில் நான் சந்தோஷமாகக் கட்டிய அபராதங்கள் அவை மட்டும்தான். அந்த மெயில் வந்தால் ஆச்சி சாப்பிட்டிருக்கிறாள் என்று அர்த்தம்.

நான்காவது முறை மாற்றப் போனபோதுதான், எதற்காகப் பின்னால் நகர்த்திக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே உறைத்தது. ஆச்சி நன்றாக இருக்கிறாள் என்று தெரிந்த ஒவ்வொரு தடவையும் அவளைப் பார்ப்பதைத் தள்ளிவைத்துக்கொண்டிருந்தேன். ஜூலை 29ஐ அப்படியே விட்டேன். லீவும் கையிருப்பும் அதோடு தீரும். அடுத்த பயணத்துக்கு இரண்டும் இருக்காது. அதைத் தெரிந்தேதான் ஏறினேன்.

ஒன்பது நாள் இருந்தேன். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. கால் அமுக்கிவிட்டேன். ஒருநாள் அவளாகக் கேட்டாள், "எய்யா, வந்துட்டுப் போக எவ்வளவு ஆச்சு?" ரூபாயில் சொன்னேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கிடந்துவிட்டு, "கன்னுக்குட்டியோட ஒரு மாடு வாங்கலாம்லா" என்றாள். இன்னொரு நாள், "அருவில தண்ணி விழுதா?" விழுது ஆச்சி என்றேன். "போய்க் குளிச்சிட்டு வா, இங்க என்னத்தப் பாத்துக்கிட்டு இருக்க."

செப்டம்பர் நடுவில் ஓர் இரவு போன் வந்தது. நான் ஐந்து விமான நிலையங்களையும் பார்த்தேன். விலை ஜூன் மாத விலையைப்போல மூன்று மடங்கு. கடன் வாங்கினால் கொடுத்துவிடலாம். ஆனால் மறுநாள் சாயங்காலம் நான்கு மணிக்கு எடுப்பதற்குள் ஊர் சேர்க்கிற விமானம் ஐந்து திசையிலும் ஒன்றும் இல்லை. விலை இருந்தது, சீட்டும் இருந்தது, நேரம்தான் இல்லை. ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருக்கட்டுமா என்று சித்தப்பா கேட்டார். அம்மா போனை வாங்கி, "அவன் வந்து பாத்துட்டுத்தான போனான். காக்க வேண்டாம்" என்றாள். நெய்ப்பந்தத்தைத் தம்பி ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டு, என் பங்கை இடது கையில் பிடித்துக்கொண்டு சுற்றி வந்ததை வீடியோ காலில் பார்த்தேன். சித்தப்பாவுக்கு இன்றுவரை மனத்தாங்கல் உண்டு. அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

போன மாதம் தம்மாமிலிருந்து அவர் மகன் கூப்பிட்டான். சித்திக்கு முடியவில்லை. எப்போது லீவ் கிடைக்கும் என்று தெரியவில்லை, கிடைத்தாலும் எப்போது போவது என்று தெரியவில்லை, எந்த டிக்கெட் போடட்டும் அண்ணே என்றான். மாற்றுக் கட்டணம், வரி, மூன்று விமான நிலையம் எல்லாம் சொன்னேன். அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அண்ணே, இருக்கும்போது போகவா, ஆனபிறகு போகவா? ரெண்டுல ஒண்ணுக்குத்தான் காசு இருக்கு" என்றான். அதற்கு எந்த விதியும் இல்லை. நான் போனதை மட்டும் சொன்னேன்.

23ஆம் தேதிக்குத் திருவனந்தபுரத்துக்குப் போட்டிருக்கிறான். அங்கிருந்து ஆரியங்காவு வழியாக யார் காரெடுத்து வருவது என்பதுதான் வீட்டில் இப்போது பேச்சு.