ஆனை கட்டிய ஊரில் பூனை கட்டிய கதை

ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று நம் மன்றச் செயலாளர் கேட்டபோது உடனே ஒப்புக்கொண்டுவிட்டேன். பிறகுதான் பொருளைத் தேடினேன். ஒரு நண்பர் வள்ளுவரைப் பிடித்துக்கொண்டார். இன்னொருவர் பாரதியை விட்டுக்கொடுப்பதாக இல்லை. சிலம்புக்கு இருவரிடையே போட்டி. வேதியியல் மாணவனாகிய எனக்கு மிஞ்சியது எங்கள் வீட்டுப் பூனை ஒன்றுதான். எனவே, அன்பர்களே, பூனையைப் பற்றி எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் ஆனைகட்டி. கோவையிலிருந்து தடாகம் வழியாக மலையேறும் பேருந்தில் வந்து இறங்கவேண்டும். ஊரின் ஊடே மாநில எல்லை ஓடுகிறது. சோதனைச் சாவடிக்கு இப்புறம் கோவை மாவட்டம். அப்புறம் பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடி. எங்கள் வீடு அப்புறத்தில் இருக்கிறது. வீட்டுக்குள் கொங்குத் தமிழ், கடைவீதியில் மலையாளம், தோட்டத்தில் இருளர் பேச்சு என்று மூன்று காதுகளோடு வளர்ந்தவன் நான். முற்காலத்தில் யானைகளைக் கட்டி வைத்த இடமாதலால் இப்பெயர் வந்ததென்று பெரியவர்கள் சொல்வார்கள். இப்போது அங்கே யாரும் யானையைக் கட்டுவதில்லை. மாலையானால் யானைகள்தாம் எங்களை வீட்டுக்குள் கட்டிப் போடுகின்றன.

இந்த ஊருக்குத்தான் சென்ற ஆண்டு பெங்களூரிலிருந்து என் அண்ணன் ஒரு கூடையோடு வந்து இறங்கினார். கூடைக்குள் மூன்று மாதக் குட்டி. பொன்னிற உடம்பு, அதில் கரும்புள்ளிகள், வாலில் வளையங்கள். பார்த்தவுடன் அம்மா இரண்டடி பின்வாங்கினார். "சிறுத்தைக் குட்டியையா கொண்டாந்திருக்கறே?" என்றார். "பெங்கால் பூனை அம்மா. ரொம்பச் சாது. வீட்டுக்காரர் கூடாதுங்கறார். கொஞ்ச நாள் இங்கே இருக்கட்டும்" என்றார் அண்ணன். கொஞ்ச நாள் என்பது இன்னும் முடியவில்லை. சாது என்பது முதல் இரவிலேயே முடிந்துவிட்டது.

குட்டிக்கு வெருகு என்று பெயர் வைத்தேன். காட்டுப்பூனைக்குப் பழந்தமிழில் வழங்கிய பெயர் அது. தொல்காப்பிய மரபியலில் வெருகின் இளமையைக் குட்டி என்றும் பறழ் என்றும் சொல்லலாம் என்றிருப்பதை எங்கள் தமிழாசிரியர் எடுத்துக்காட்டி என்னைப் பாராட்டவும் செய்தார். ஆனால் எங்கள் அமுச்சிக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. "வெருகாவது வெங்காயமாவது, முருகான்னு கூப்பிட்டாப் புண்ணியமாச்சும் வரும்" என்று முடிவு கட்டிவிட்டார். விளைவு, அவர் வாசலில் நின்று முருகா என்று அழைத்தால் பூனை வராது. அப்பெயருடைய பால்காரர் வந்து நிற்பார்.

முதல் வாரத்தை விவரிக்க எனக்குத் தெம்பில்லை. கொசுவலையில் ஏறி அதைக் கிழித்தது. பரணிலிருந்த புளிப்பானையைத் தள்ளியது. தண்ணீரைக் கண்டால் ஓடுவதுதான் பூனையின் இயல்பு என்று நினைத்திருந்தோம். இதுவோ குளியலறை வாளிக்குள் இறங்கி உட்கார்ந்தது. அம்மா பாசத்தோடு வைத்த பால் அதற்குச் செரிக்கவில்லை. இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. பால் குடி மறந்த பூனைகளுள் பலவற்றுக்குப் பாலின் சர்க்கரை ஒத்துக்கொள்ளாது என்று கால்நடை மருத்துவர் சொன்ன பிறகு, 'பூனைக்குப் பால்' என்று கதைகளில் வருவதெல்லாம் யார் கட்டிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பகலெல்லாம் உறங்கி, விடியற்காலை நான்கு மணிக்கு எங்கள் மார்புகளின்மேல் குதிரைப் பந்தயம் ஓடும். அந்தியும் விடியலும்தான் பூனை இனத்துக்கு வேட்டை வேளை. அதைக் கோபித்துப் பயனில்லை.

இந்தக் கூத்துக்குக் காரணம் தேடப்போய்த்தான் அதன் குலவரலாறு கிடைத்தது. பெயரைக் கேட்டு வங்காளத்துப் பூனை என்று எண்ணிவிடாதீர்கள். ஆசியக் காடுகளில் வாழும் சிறுத்தைப்பூனை என்னும் சிறு விலங்குக்கு 1792-இல் இராபர்ட் கெர் என்பவர் அறிவியற் பெயர் சூட்டியபோது வங்கத்தின் பெயரைச் சேர்த்தார். அமெரிக்காவில் ஜீன் மில் என்ற அம்மையார் 1963-இல் சிறுத்தைப்பூனையையும் வீட்டுப் பூனையையும் கலந்து குட்டி பெறச் செய்தார். பிறகு நெடுநாள் அம்முயற்சி நின்றுபோயிருந்தது. கலிபோர்னியாவில் சென்டர்வால் என்ற அறிஞர் பூனைகளின் இரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சிக்காக வளர்த்த கலப்புப் பூனைகள் சில 1980-ஐ ஒட்டி அவர் கைக்கு வந்தன, மீண்டும் தொடங்கினார். அடுத்து வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. புது தில்லி விலங்குக் காட்சிசாலையில், காண்டாமிருகத்தின் அடைப்புக்குள் புள்ளி போட்ட தெருப்பூனை ஒன்று திரிந்துகொண்டிருந்ததாம். அதை அந்த அம்மையார் கடல் கடந்து கொண்டுபோய்த் தம் பூனைகளோடு சேர்த்தார். பெங்கால் பூனைகள் பலவற்றின் ரோமத்தில் காணும் பொன் மினுமினுப்பு அந்தத் தில்லித் தெருப்பூனை தந்த சொத்து. அயல்நாட்டுச் சரக்கு என்று அண்ணன் பெருவிலை கொடுத்து வாங்கி வந்ததில் நம்மூர்த் தெருவின் பங்கும் இருக்கிறது என்று சொன்னேன். அவர் இரசிக்கவில்லை.

ஆனால் சிரிப்புக்கு அப்பால் ஒரு கவலை எனக்கு எழுந்தது. அந்தச் சிறுத்தைப்பூனை மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் வாழ்கிறது. எங்கள் கொல்லை வேலிக்கு அப்பால் காடு தொடங்குகிறது. வெருகு சன்னலில் உட்கார்ந்து மணிக்கணக்காக அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கும். அதை அவிழ்த்துவிடலாமா?

"பூனையைப் போய் அடைச்சு வெப்பாங்களா? அது பாட்டுக்குப் போயிட்டு வரும்" என்றார் அமுச்சி. நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். என் சிறுவயது முதல் எங்கள் வீட்டில் ஐந்து பூனைகள் இருந்திருக்கின்றன. ஐந்தும் போயிட்டு வந்தவைதாம். ஒன்றுகூடக் கிழப்பூனை ஆகவில்லை. ஒன்று சாலையில் போயிற்று. ஒன்றைச் சிறுத்தை கொண்டுபோனது என்று தாத்தா சொன்னார். மற்ற மூன்றும் ஒருநாள் வரவில்லை; அவ்வளவுதான். அந்தக் கணக்கை அமுச்சியிடம் சொன்னேன். அவர் பேசாமல் வெற்றிலையை மடித்தார்.

பூனைக்கு நேரும் தீங்கு ஒரு பக்கம். பூனையால் நேரும் தீங்கு இன்னொரு பக்கம். எங்கள் ஊருக்கு வந்த பெருமை சாலிம் அலி பெயரால் அமைந்த பறவையியல் ஆய்வு மையம். பறவையைத் தேடி எங்கிருந்தோ ஆய்வாளர் வரும் காட்டோரத்தில், பறவை வேட்டைக்கென்றே பிறந்த ஒன்றை அவிழ்த்துவிட எனக்கு மனம் வரவில்லை. வீட்டுப் பூனையின் நோய்கள் காட்டுப் பூனைகளுக்குத் தொற்றக்கூடும் என்பதும் உண்டு. எனவே கட்டித்தான் வெளியே கொண்டுபோவது என்று துணிந்தேன். ஆனை கட்டிய ஊரில் பூனை கட்டினால் என்ன?

கழுத்தில் பட்டை கட்டி இழுப்பது பூனைக்கு ஆகாது. இழுத்தால் மூச்சுக்குழல் நெரியும். அதன் தோள் எலும்புகளும் நம்முடையவை போல் இறுகப் பூட்டப்பட்டவை அல்ல. தலை நுழைந்த இடத்தில் உடம்பும் நுழையும். ஆகவே கழுத்தையும் மார்பையும் சேர்த்துப் பிடிக்கும் ஹார்னஸ் ஒன்றைக் கோவையில் வாங்கினேன். மார்ப்பட்டை என்று வைத்துக்கொள்வோம்.

வாங்கிய அன்றே மாட்டினேன். அதுதான் முதல் பிழை. வெருகு சுட்டுப் போட்டது போல் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது. கால் அசையவில்லை. "கொன்னுட்டியாடா!" என்று அமுச்சி அலறினார். அவிழ்த்த மறுநொடி அது பரணில் இருந்தது. பூனைக்கு முதுகில் புதிதாக ஒன்று அழுந்தினால் இப்படி உறைந்துபோவது வழக்கமாம். பிறகுதான் முறைப்படி தொடங்கினேன். பட்டையை உணவுக் கிண்ணத்தின் அருகே வெறுமனே நான்கைந்து நாள் போட்டு வைத்தேன். பிறகு உண்ணும்போது முதுகின்மேல் வைத்து எடுத்தேன். பிறகு பூட்டி, உடனே கழற்றினேன். ஒவ்வொரு முறையும் நெத்திலிக் கருவாட்டு டப்பாவை ஒருமுறை குலுக்கி, ஒரு துண்டு கொடுப்பேன். இரண்டு வாரத்தில், டப்பா குலுங்கினால் எங்கிருந்தாலும் ஓடிவந்து பட்டைக்குள் தானே தலையை நீட்டும் நிலை வந்தது. அதன்பின் கயிற்றை மாட்டி, வீட்டுக்குள்ளேயே இழுத்துக்கொண்டு திரியவிட்டேன். அப்புறம் கயிற்றின் மறுமுனையை நான் பிடித்தேன்.

நாயைப் போல் பூனையை நடத்த முடியாது என்பது அப்போது விளங்கியது. அது நின்றால் நாம் நிற்கவேண்டும். ஒரு கல்லை அது கால்மணி நேரம் முகர்ந்தால் நாமும் அந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தேர்வுக்குப் படிக்கவேண்டிய நாட்களில் எங்கள் கொல்லையிலுள்ள கற்கள் அனைத்தோடும் எனக்கு நல்ல பழக்கம் ஏற்பட்டது. ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருந்தேன்: வாசற்படியை அது தானாகத் தாண்டக் கூடாது, நான் தூக்கிக்கொண்டு போய் வெளியே விடுவேன். கதவு திறந்தால் பாயலாம் என்ற எண்ணம் அதற்கு வரக்கூடாதல்லவா? வெறிநோய்த் தடுப்பூசியும் மற்ற ஊசிகளும் முடிந்த பிறகே மண்ணில் விட்டேன்.

ஒருநாள் மாலை வனக்காவலர் ஒருவர் எங்கள் வேலியோரம் நின்றுவிட்டார். முகம் கடுத்திருந்தது. "காட்டுக் குட்டியைப் பிடித்துக் கட்டி வைத்திருக்கிறீர்களா?" என்று மலையாளத்தில் கேட்டார். சிறுத்தைப்பூனை 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர். வீட்டில் வைத்திருந்தால் சிறைதான். நான் ஊசிச் சீட்டை எடுக்க உள்ளே ஓடினேன். திரும்பி வருவதற்குள் அவர் குனிந்து வெருகின் காதுகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். சிறுத்தைப்பூனையின் காதின் பின்புறம் கறுத்து, நடுவில் வெள்ளைப் பொட்டு இருக்கும். இதற்கு இல்லை. அவர் சிரித்துவிட்டார். தாய் இரை தேடப் போயிருக்கும் நேரத்தில் புதரில் தனியே கிடக்கும் குட்டிகளை அனாதை என்று எண்ணி எடுத்து வந்துவிடுகிறார்கள், அதனால்தான் கேட்டேன் என்றார். வேறெந்தப் பல்கலைக்கழகத் தேர்விலும் எனக்கு அவ்வளவு வியர்த்ததில்லை.

இத்தனையும் நன்றாக நடந்ததுதான் வினையாயிற்று. என் வகுப்பு நண்பர்கள் நால்வர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்தார்கள். பூனையைக் கயிற்றில் நடத்திக் காட்டுகிறேன் என்று விடுதியில் நான் அளந்திருந்த அளப்பு அப்படி. முந்தின நாள் பட்டை இறுக்கமாக இருப்பதாகத் தோன்றி ஒரு துளை தளர்த்தியிருந்தேன். மறுபடி சரிபார்க்கவில்லை. வீட்டுக் கொல்லையில் நடத்தியிருக்கலாம். பெருமைக்காகச் சாலை வரை கொண்டுபோனேன். ஒரு மோட்டார் சைக்கிள் வெடிப்பது போன்ற ஓசையோடு கடந்தது. வெருகு முன்னால் பாயவில்லை, பின்னால் வாங்கியது. தோள்களைச் சுருக்கி, ஒரே நெளிவில் பட்டையிலிருந்து உருவிக்கொண்டது. அடுத்த கணம் உண்ணிச்செடிப் புதரில் ஒரு வால் நுனி. என் கையில் வெறும் கயிறு.

இருட்டும்வரை தேடினோம். நண்பர்கள் ஐந்து மணிப் பேருந்தையும் விட்டுவிட்டுத் தேடினார்கள். யானை இறங்கும் நேரம், உள்ளே போங்கள் என்று பக்கத்துத் தோட்டக்காரர் விரட்டினார். அந்த இரவு நான் உண்ணவில்லை. ஆறாவது பூனை என்ற எண் மட்டும் மண்டைக்குள் ஓடியது. முந்தைய ஐந்தும் தாமாகப் போயின. இதை நான் என் கையால் கொண்டுபோய் விட்டேன்.

கண்ணயர்ந்தபோது ஏதோ கலகலவென்று குலுங்கும் ஓசை கேட்டது. எழுந்து போனேன். கொல்லைப்புறக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. போர்வையைப் போர்த்திக்கொண்டு அமுச்சி படியில் உட்கார்ந்து கருவாட்டு டப்பாவைக் குலுக்கிக்கொண்டிருந்தார். எப்போதிருந்து என்று கேட்டேன். பதில் இல்லை. சற்றுக் குலுக்குவார், நிறுத்துவார், வேலியைப் பார்ப்பார், மறுபடி குலுக்குவார். நானும் அருகில் உட்கார்ந்தேன்.

கிழக்கு வெளுக்கும் வேளையில் வேலியடியில் ஓர் அசைவு. உடம்பெல்லாம் ஒட்டுப்புல். வெருகு நேராக வந்து, அமுச்சியின் காலடியில் வாயிலிருந்ததை வைத்தது. ஒரு கொண்டைக்குருவி. உடம்பில் சூடு ஆறவில்லை.

எனக்கு அழுகை வந்தது. எதற்கென்று பிரித்துச் சொல்ல இயலவில்லை. பூனையை வாரி எடுத்துக்கொண்டேன். அமுச்சி அந்தக் குருவியை உள்ளங்கையில் வைத்துச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு எழுந்துபோய் முருங்கை மரத்தடியில் குழி பறித்து மூடிவிட்டு வந்து கை கழுவினார்.

அன்று மாலை வெருகை வெளியே கொண்டுபோகும் எண்ணமே எனக்கு இல்லை. அமுச்சிதான் பட்டையைக் கொண்டுவந்தார். "கொண்டா இங்கே" என்று பூனையை மடியில் வாங்கித் தாமே பூட்டினார். தளர்ந்திருந்த துளையை மீண்டும் உள்ளே தள்ளினார். பட்டைக்கும் ரோமத்துக்கும் இடையே சுருக்கம் விழுந்த தம் இரு விரல்களைச் செருகிப் பார்த்தார்.

"ரெண்டு வெரலு. அதுக்கு மேல எடங்குடுக்காத" என்றார்.